கட்டணம் இல்லை, செலவு உண்டு

சனிக்கிழமைக் காலைகளில் ஒரு பொது நூலகத்தின் தரைத்தளத்தில், நாளிதழ்ப் பகுதிக்கும் கழிப்பறைக்குப் போகும் வழிக்கும் இடையில் போட்டிருக்கும் மேசைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். குறைந்த வருமானத்தில் நகரத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதும், எந்தச் சேவை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சொல்லி அனுப்புவதும் அங்கே என் வேலை. சம்பளம் இல்லாத வேலை. ஆறு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். மேசையின் முன்பக்கத்தில் 'இலவசம்' என்று கையகல எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஆனாலும் வருகிறவர்களில் பாதிப் பேர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான்.

அறிவிப்பு கண்ணில் படவில்லை போலும் என்று நினைத்து, தொடக்கத்தில் எழுத்தை இன்னும் பெரிதாக்கினேன். இலவசக் கண் பரிசோதனை எங்கே நடக்கிறது என்று கேட்டு வந்த ஒரு பெரியவர்தான் எனக்கு விஷயத்தைப் புரிய வைத்தார். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். நான் பலகையைச் சுட்டிக் காட்டினேன். "படிச்சேன் தம்பி, இலவசம்னுதான் போட்டிருக்கு. அந்த இலவசத்துக்கு எவ்வளவு ஆகும்னு கேக்குறேன்" என்றார். எத்தனை முறை நடக்க வேண்டும், எத்தனை நாள் கூலியை விட வேண்டும், எத்தனை தாளுக்கு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் கூட்டி ஒரு தொகையாகச் சொல்லச் சொன்னார். அன்று என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்ட கணக்கை அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவருக்கும் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

சேவைகளுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. ஓரளவு பெரிய நகரம் எதை எடுத்துக்கொண்டாலும், பணம் வாங்காமல் நடக்கும் காரியங்களின் பட்டியல் நாம் நினைப்பதைவிட நீளமாகவே இருக்கும்: மருத்துவ முகாம், தடுப்பூசி, சட்ட ஆலோசனை, உணவு வங்கி, மாலை நேரப் பாட உதவி, கணினியும் இணையமும், வேலைக்கான தன்விவரக் குறிப்பு எழுதித் தருவது, கடன் தொல்லையில் சிக்கியவருக்கு வழிகாட்டுவது, குளியலறை, பழுது பார்க்கும் கூடம் என்று போகும். இவற்றில் பெரும்பாலானவை தேவைப்படுகிறவரின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே இருக்கும். எனக்கு வேலை போயிருந்த ஓர் ஆண்டில், பல்வலிக்காகக் கையில் இருந்ததையெல்லாம் ஒரு தனியார் மருத்துவரிடம் கொடுத்துவிட்டு வந்த மறுவாரம்தான், இரண்டு தெரு தள்ளி ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருப்பதும், மாணவர்களின் பயிற்சிக்காக ஆசிரியர்களின் மேற்பார்வையில் அங்கே பணம் வாங்காமல் பல் பார்க்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிய வந்தது. அந்தக் கட்டடத்தை நான் தினமும் கடந்து போய்க்கொண்டிருந்தவன்.

அதே ஆண்டில் வாடகை உதவிக்காக ஓர் அலுவலகத்துக்கு அலைந்த கதையையும் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால்; அன்றைய டோக்கன்கள் தீர்ந்துவிட்டிருந்தன. கதவு திறப்பது பத்து மணிக்குத்தான் என்றாலும் வரிசை ஏழு மணிக்கே தொடங்கிவிடுகிறது என்பதை வாசலில் இருந்த காவலாளி சொன்னார். அது எந்த அறிவிப்பிலும் இல்லை. இரண்டாம் நாள் டோக்கன் கிடைத்தது. இரண்டரை மணி நேரம் காத்திருந்து கவுன்ட்டருக்குப் போனபோது, அடையாள அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் இருக்க வேண்டும், நான் இரண்டு தாள்களில் கொண்டு வந்திருக்கிறேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஜெராக்ஸ் கடை எதிரிலேயேதான் இருந்தது. ஆனால் திரும்பி வந்தால் புதிய டோக்கன் எடுக்க வேண்டும். மூன்றாம் நாள் எல்லாம் சரியாக இருந்தது, கையெழுத்திட வேண்டியவர் மட்டும் விடுப்பில் இருந்தார். நான்காவது முறை வரச் சொன்ன நாளில் எனக்கு ஒரு வேலைக்கு நேர்காணல் வந்தது. வேலையைத் தேர்ந்தெடுத்தேன், உதவியை விட்டுவிட்டேன். அந்த அலுவலகத்தின் கோப்பில் 'விண்ணப்பதாரர் வரவில்லை' என்று குறித்து முடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். தேவை இல்லாததால் வராதவருக்கும், வந்து வந்து ஓய்ந்து போனவருக்கும் காகிதத்தில் ஒரே பெயர்தான்.

நாள்கூலிக்குப் போகிறவருக்கு இந்த நான்கு நாட்கள் நான்கு நாள் கூலி. மாதச் சம்பளக்காரர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். வீட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறவருக்கு அன்றைய வருமானம் போவதோடு, மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும் ஆபத்தும் உண்டு. வேலைக்குப் போகும் ஏழைகளுக்கான சேவைகள் பெரும்பாலும் வேலை நேரத்தில் மட்டுமே திறந்திருப்பது ஏன் என்பது எனக்கு இன்றுவரை புரியாத ஒன்று. எங்கள் மேசையைச் சனிக்கிழமைக்கு மாற்றியபோது வருகிறவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை, வருகிறவர்களே மாறினார்கள். அதுவரை முதியவர்களையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த இளம் தாய்மார்களையும் தொழிற்சாலைச் சீருடையோடு வந்தவர்களையும் அப்போதுதான் பார்த்தோம்.

நேரத்துக்கு அடுத்த செலவு காகிதம். ஏழை என்று சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். நிரூபிப்பதற்கோ நிலையான வாழ்க்கை வேண்டும். முகவரிச் சான்று கேட்கிறார்கள், ஒரே அறையை மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தால் ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கும். வருமானச் சான்று கேட்கிறார்கள், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிற பெண்ணுக்கு அதை யார் எழுதிக் கொடுப்பார்? இதற்கு மேல் வருமான வரம்பு என்று ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு ஒரு நாணயம் கீழே இருப்பவருக்கு எல்லாம் உண்டு, ஒரு நாணயம் மேலே போனவருக்கு எதுவும் இல்லை. கூடுதல் நேர வேலைக்கு முதலாளி கூப்பிட்டபோது, போனால் பிள்ளையின் இலவச மருந்து நின்றுவிடுமே என்று கணக்குப் போட்டுப் பார்த்து மறுத்த ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். அவரைச் சோம்பேறி என்று சொல்வது எளிது. அவர் போட்ட கணக்கை நானும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன்; சரியாகத்தான் இருந்தது.

காகிதத்தைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. இந்தியாவில் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமின்றி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் முதலியோருக்கு வருமானத்தைப் பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அதன் 12-ஆம் பிரிவு தருகிறது. வழக்கு வந்து நிற்கிற ஒரு பெண்ணிடம், கணவரின் சம்பளச் சீட்டைக் கொண்டு வா என்று சொல்ல வேண்டிய தேவையே இதனால் இல்லாமல் போகிறது. சட்டம் இப்படி இருந்தும், அதன்படி தனக்கு உரிமை உண்டு என்று தெரியாமல் கடன் வாங்கி வழக்கறிஞர் வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை. போக்குவரத்திலும் இதே வேறுபாட்டைப் பார்க்கலாம். எஸ்தோனியத் தலைநகரான தாலின் 2013-இல் நகரப் பேருந்துகளைத் தன் நகரவாசிகளுக்கு இலவசமாக்கியது. அதற்கு நகரவாசி என்று பதிவு செய்திருக்க வேண்டும், அட்டை வைத்திருக்க வேண்டும். லக்சம்பர்க் 2020 பிப்ரவரி 29-இலிருந்து, முதல் வகுப்பைத் தவிர, நாடு முழுவதும் பொதுப் போக்குவரத்தை எல்லோருக்குமே இலவசமாக்கியது. அங்கே ஏறி உட்கார்ந்தால் போதும். பணக்காரரும் ஓசியில் போகிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. போகட்டும் என்பதுதான் என் பதில். அவரைத் தடுப்பதற்காக வைக்கும் வடிகட்டியில் அவரைவிட அதிகமாகச் சிக்கிக்கொள்வது, அட்டையைத் தொலைத்துவிட்ட முதியவர்தான்.

மூன்றாவது செலவை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் சிலர் முதலில் நாளிதழ்ப் பகுதியில் உட்கார்ந்து நெடுநேரம் ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேசைக்கு முன்னால் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து எழுந்து வருவார்கள். கை நீட்டுகிறவன் கூனிக் குறுகித்தான் நிற்க வேண்டும் என்ற எண்ணம் சில காலம் அரசின் கொள்கையாகவே இருந்திருக்கிறது. இங்கிலாந்தின் 1834-ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம், உதவி பெறுகிறவரின் நிலை மிகக் குறைந்த கூலி வாங்கும் தொழிலாளியின் நிலையைவிட மோசமாகத் தெரிய வேண்டும் என்ற கொள்கையின் மேல் எழுந்தது. அப்போதுதான் வேறு வழியே இல்லாதவர் மட்டும் வருவார் என்று கணக்கிட்டார்கள். கணக்குப்படியே பலர் பட்டினி கிடந்தாலும் போகாமல் இருந்தார்கள். அந்தச் சட்டம் போய்விட்டது. ஆனால் இலவச மருந்துக்குத் தனி வரிசை, இலவசப் பிரிவுக்குப் பின்வாசல், உதவி வாங்கும்போது புகைப்படம் என்று அதன் வாடை இன்னும் பல இடங்களில் வீசுகிறது. பொருளைக் கொடுத்து முகத்தைப் படம் பிடித்துக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது கொடை என்பதைவிடக் கொள்முதல் என்றே தோன்றும்.

நூலகத்தை நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான். உள்ளே வருகிறவர் எதற்காக வருகிறார் என்று யாருக்கும் தெரியாது. பாஸ்டன் பொது நூலகம் 1848-இல் நிறுவப்பட்டது. 1895-இல் திறக்கப்பட்ட அதன் பெரிய கட்டடத்தின் தலைவாசலுக்கு மேலே 'எல்லோருக்கும் இலவசம்' என்ற பொருளில் மூன்று சிறு ஆங்கிலச் சொற்களைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். 'ஏழைகளுக்கு இலவசம்' என்று அங்கே எழுதியிருந்தால் அந்த வாசல் வழியாக எத்தனை பேர் தலை நிமிர்ந்து நுழைந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. நூலகங்களிலும் ஒரு முள் இருந்தது, தாமதக் கட்டணம். சிறு தொகைதான். ஆனால் அது ஏறி ஏறிப் பெரிதாகி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவே கூச்சப்பட்டு நூலகத்தின் பக்கம் தலைகாட்டாமல் போகிறவர்கள், அந்தப் பணம் இல்லாதவர்களே. சிகாகோ பொது நூலகம் 2019-இல் தாமதக் கட்டணத்தை ஒழித்தது. அதன் பிறகு நெடுங்காலம் வீடுகளில் ஒளிந்திருந்த புத்தகங்கள் பெருமளவில் திரும்பி வந்தன, அவற்றோடு வாசகர்களும் வந்தார்கள்.

இத்தகைய சேவைகள் எப்படிப் பிறந்தன என்று தேடிப் படித்தபோது, நல்ல யோசனைகள் பலவும் வரிசையில் நின்றவர்களிடமிருந்தோ அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர்களிடமிருந்தோ வந்திருப்பதைப் பார்த்தேன். 1832-இல் லிவர்பூலில் காலரா பரவியபோது, வீட்டில் கொதிகலன் வைத்திருந்த கிட்டி வில்கின்சன் என்ற உழைக்கும் பெண், நோயாளிகளின் துணிகளையும் படுக்கைகளையும் அக்கம்பக்கத்தார் துவைத்துக்கொள்வதற்காகத் தன் சமையலறையைத் திறந்து விட்டார். அந்தச் சமையலறையின் தொடர்ச்சியாகவே 1842-இல் அந்நகரில் பொதுக் குளியலறையும் சலவைக் கூடமும் வந்தன. பின்னர் அவரே அதை மேற்பார்வையிடும் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். உணவு வங்கியின் கதையும் இப்படிப்பட்டதுதான். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு தரும உணவுக்கூடத்தில் தொண்டு செய்துகொண்டிருந்த ஜான் வான் ஹெங்கல், கடைகளின் குப்பைத் தொட்டிகளில் கிடைத்ததைக் கொண்டு பிள்ளைகளை வளர்த்து வந்த ஒரு தாயைச் சந்தித்தார். வீணாகும் உணவைப் போட்டு வைக்கவும் வேண்டியபோது எடுத்துக்கொள்ளவும் வங்கியைப் போல ஓரிடம் இருந்தால் என்ன என்று அந்தப் பெண் கேட்ட கேள்வியிலிருந்துதான் 1967-இல் முதல் உணவு வங்கி பிறந்தது. வான் ஹெங்கலின் பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தாயின் பெயரை நான் படித்த எதிலும் காணவில்லை.

எங்கள் மேசையைப் போன்ற மேசைகளுக்கும் ஒரு முன்னோடி உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இறங்கிய மறுநாள், 1939 செப்டம்பர் 4 அன்று, குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் அங்கே இருநூறு இடங்களில் திறக்கப்பட்டன. ரேஷன், காணாமல் போன உறவினர், குண்டு விழுந்த வீட்டுக்கான இழப்பீடு, கடன் என்று எதைக் கேட்டாலும் வழி சொல்ல அங்கே தன்னார்வலர்கள் இருந்தார்கள். குதிரைகளை ஏற்றிச் செல்லும் ஒரு வண்டியையே நடமாடும் நிலையமாக மாற்றி, குண்டு விழுந்த பகுதிகளுக்கு ஓட்டிச் சென்றிருக்கிறார்கள். வருகிறவர் தன் துன்பத்தைத் துறை வாரியாகப் பிரித்துக்கொண்டு வரமாட்டார் என்பதை அவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள். வாடகை பாக்கி என்று வருகிறவருக்கு உண்மையில் நின்று போன ஓய்வூதியம் பிரச்சினையாக இருக்கும். ஓய்வூதியம் நின்றதற்குக் காரணம் பெயரில் ஓர் எழுத்துப் பிழையாக இருக்கும். அமெரிக்காவில் 1997-இல் அட்லாண்டாவில் தொடங்கிய 211 என்ற தொலைபேசி எண்ணும் இதே நோக்கம் கொண்டது: எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாதவருக்கு ஒரே எண்.

இப்போது இணையத்தில் எல்லாம் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, பத்து நிமிடத்தில் பாதுகாப்புக்காக வெளியேற்றிவிடும் தளத்தில், ஒரு விரலால் தட்டச்சு செய்கிற அம்மா ஒருவர் பதினோராவது நிமிடத்தில் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. தொலைபேசி எண் மாறிவிட்டதால் கடவுச்சொல் வராமல் நின்றவர்கள் தனிக் கூட்டம்.

ஆறு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்ட சிலவற்றைத் தேவைப்படுகிறவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பதோடு, எத்தனை மணிக்கு வரிசை தொடங்குகிறது என்றும் கேளுங்கள். மூலச் சான்றுகளை யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம், நகல்களை மட்டும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்புகளில் சில, எழுதச் சொன்னதும் மறைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வேலை முடிந்து எழுந்திருக்கும்போது, "என்னைப் போன்றவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகியவர். ஆனால் கேட்டால் பெரும்பாலும் சொல்வார். இலவசச் சேவையை வாங்கித் தருகிறேன் என்று வாசலில் பணம் கேட்கிறவரிடம் மட்டும் நிற்காதீர்கள்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் சொல்லாமல் விடக் கூடாது. தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று வருகிறது. நிதி நின்றால் சேவை நிற்கிறது, பலகை மட்டும் சுவரில் தொங்குகிறது. மூடிப் போன ஒரு மாலைப் பள்ளிக்கு நானே ஒரு குடும்பத்தை அனுப்பி, அவர்கள் மூன்று பேருந்து மாறிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மறுவாரம் அந்தப் பெண் வந்து என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வோர் எண்ணையும் மாதத்துக்கு ஒரு முறை அழைத்துப் பார்க்கிறோம்.

சென்ற மாதம் வேறொன்றும் செய்தோம். எங்களிடமே ஒரு பதிவுப் படிவம் இருக்கிறது. பெயர், வயது, என்ன உதவி வேண்டும் என்பன போன்றவற்றுக்குக் கீழே ஐந்தாவது கேள்வி 'மாத வருமானம்'. அந்தக் கட்டத்துக்கு வரும்போதுதான் எல்லோருடைய பேனாவும் நிற்கும். சிலர் என்னைப் பார்ப்பார்கள், சிலர் ஏதோ ஓர் எண்ணை எழுதுவார்கள், இரண்டு பேர் படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனதும் உண்டு. இந்த எண்ணை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்று கூட்டத்தில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய கோப்புகளைப் புரட்டினோம். ஆறு ஆண்டுகளாக வாங்கி வைத்த எண்களை ஒரு முறைகூட யாரும் கூட்டிப் பார்த்திருக்கவில்லை. முன்பு எங்கிருந்தோ எடுத்த மாதிரிப் படிவத்தில் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது, நாங்களும் அச்சடித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அச்சடித்த படிவங்கள் இரண்டு கட்டு மிச்சம் இருந்ததால், தூக்கிப் போட மனம் வராமல், ஐந்தாவது கேள்வியின் மேல் அளவுகோலை வைத்து ஒவ்வொரு தாளிலும் மையால் கோடு போட்டு அடித்துக்கொண்டு வருகிறோம். புதிதாக நிதி தர முன்வந்திருக்கும் ஓர் அமைப்பு, பயனாளிகளின் வருமான விவரம் கட்டாயம் வேண்டும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. அதைப் பற்றிப் பேச அடுத்த வாரம் கூட்டம். ஒரு கட்டு முடிந்துவிட்டது. இரண்டாவது கட்டில் பாதி வரை கோடு போட்டிருக்கிறேன்.